சியெனாவில் எனக்கொரு கதிரை

பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் சாமத்தியவீடு செய்வதென்றால் முதலில் எந்த நாட்டுக்குப் போவது என்று முடிவெடுக்க வேண்டும். பிள்ளை பெரியவளாகி, வீட்டில் தண்ணீர் வார்த்து, மண்டபம் பிடித்து, சேலை எடுத்து, சாப்பாட்டுக்குச் சொல்லி முடித்தாலும், வெளியூர் போய் "அவுட்டோர்" படம் எடுக்காவிட்டால் சனம் அதை ஒரு சாமத்தியவீடாகவே மதிக்காது. மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னர் பெரிய திரையில் ஒரு படம் ஓடும். பிள்ளை நகையும் சேலையுமாக மலையில் நடக்கும், கடற்கரையில் திரும்பிப் பார்க்கும், பின்னால் ஒரு சினிமாப் பாட்டுப் போகும். ஒரு காலத்தில் ஈஃபில் கோபுரம் போதுமாயிருந்தது. பிறகு சுவிஸ் பனிமலை வந்தது. அதற்குப் பிறகு செவ்ரானில் இருக்கிற என் மச்சாள், என் கணவரின் தங்கை, தன் மகளை வெனிஸுக்குக் கொண்டுபோய் ஓடத்தில் ஏற்றிப் படம் எடுத்தாள். அந்தப் படம் ஓடியபோது நான் கையில் வைத்திருந்த றோல்ஸைக் கடிக்க மறந்து வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எரிச்சல் எனக்கு ஆறவேயில்லை.

என் மகள் பெரியவளானது அடுத்த மாரியில். சாமத்தியவீட்டைக் கோடை விடுமுறைக்குத் தள்ளி வைத்தோம். லா சப்பலில் வீடியோக் கடை வைத்திருக்கிற தம்பி ஒருவரிடம் போனோம். அவர் கொம்பியூட்டரில் ஒரு சதுக்கத்தைக் காட்டினார்.

"அக்கா, வெனிஸுக்கு இப்ப எல்லாரும் போகினம். இது சியெனா. இத்தாலியிலை பழைய காலத்து நகரம். மேலையிருந்து ட்ரோனிலை எடுத்தால் சிப்பி விரிஞ்ச மாதிரி இருக்கும். நடுவிலை தங்கச்சியை நிப்பாட்டினால் முத்து மாதிரி. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இன்னும் போகேல்லை."

சிப்பியும் முத்தும் என் காதில் ஏறவில்லை. ஒருவரும் இன்னும் போகவில்லை என்பது மட்டும் ஏறியது. அன்றைக்கே முற்பணம் கொடுத்துவிட்டோம்.

மகளுக்கு விருப்பமில்லை. அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள், அதுவும் தோளைக் குலுக்கிக்கொண்டு. ஆனால் அவள் அழவுமில்லை, கதவை அடித்துச் சாத்தவுமில்லை. நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்து நின்று, கவனமாகத் தமிழில் சொன்னாள்.

"நான் வாறன் அம்மா. உடுப்பும் உடுக்கிறன். ஆனா ஒரு விஷயம். ஏன் செய்யிறம் எண்டு பிரெஞ்சுக்காரருக்கோ வேறை வெளியாக்களுக்கோ சொல்லக்கூடாது. என்ரை உடம்பிலை நடந்தது. அதைத் தெருவிலை போறவைக்குச் சொல்லேலாது."

"ஆர் சொல்லப்போகினம்?"

"சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். பிள்ளையார்மேல் பண்ணினேன். அவள் பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்கு மச்சாள் முறையான ஒருத்தியின் கலியாணம் என்று சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியபிள்ளையானதில் என்ன வெட்கம், நாங்கள் எல்லோரும் ஆகித்தானே வந்தோம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் என் பிரெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கதைதான் காதில் விழும். பிரெஞ்சு எனக்கு நன்றாக விளங்கும். வாய்தான் புரளாது. அதனால் டொக்டரிடம், வங்கியில், பிரெபெக்த்தூர்க் கந்தோரில் விசாப் புதுப்பிக்கப் போகும்போது, மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அவளை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்பேன். "சொல்லு பிள்ளை" என்பதுதான் அங்கெல்லாம் நான் பேசுகிற ஒரே வசனம். அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது என்றே அவள் நம்பியிருந்தாள். நானும் திருத்தவில்லை. விளங்காதவள் என்று பெயர் எடுத்தால் பிள்ளைகள் டெலிபோனில் கதைப்பதையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்கலாம்.

ஒரு வான் பிடித்துக்கொண்டு போனோம். நான், கணவர், மகள், வீடியோத் தம்பி. சோற்றுச் சட்டியும் சம்பலும்கூட வந்தன. சியெனா மதிலுக்கு வெளியே ஒரு சின்ன ஹோட்டலில் தங்கி, காலையில் மகளை நானே சோடித்தேன். லா சப்பலில் வாடகைக்கு எடுத்த நகை செட், நெற்றிச்சுட்டி, சடைநாகம், ஒட்டியாணம், அரக்கு நிறக் காஞ்சிபுரம். நானும் ஒரு பட்டுச் சேலை கட்டினேன். அந்த நகருக்குள் வாகனம் விடமாட்டார்கள். கீழே வானை விட்டுவிட்டு, ஒடுங்கிய கல்லுப் பாதைகளில் ஊர்வலம் போல ஏறினோம். முன்னால் கமெராவோடு வீடியோத் தம்பி, நடுவில் மகள், பின்னால் குடை பிடித்தபடி நான், அதற்கும் பின்னால் வெளிச்சம் தெறிக்கிற வெள்ளித் தட்டியைச் சுமந்தபடி என் கணவர். கடை வாசலில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள். மகள் நிலத்தைப் பார்த்தபடி நடந்தாள்.

பாதை ஒரு வளைவுக்குள் புகுந்து திடீரென்று சதுக்கத்தில் திறந்தது. உண்மையிலேயே நான் நின்றுவிட்டேன். சதுக்கம் என்கிறார்கள், ஆனால் அது சதுரமே இல்லை. பழைய சிவப்புச் செங்கல் பாவிய நிலம் விசிறி போல விரிந்து கீழ்நோக்கிச் சரிந்து போகிறது. வெள்ளைக் கல்லுக் கோடுகள் அதைப் பிரித்துக்கொண்டு கீழே ஒன்றாகச் சேருகின்றன. அங்கே பழைய நகரமண்டபமும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற ஒரு கோபுரமும். சுற்றிவர எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திய வீடுகள், அவற்றின் காலடியில் காப்பிக்கடைகள். அந்தச் செங்கல் நிலத்தில் சனம் தங்கள் வீட்டு விறாந்தையில் கிடப்பதுபோல இருந்தும் கிடந்தும் வெயில் காய்ந்தார்கள். ஒருவரும் ஒன்றும் விற்கவில்லை, ஒருவரும் அவசரப்படவில்லை.

மகளும் நின்றாள். பாரிஸிலிருந்து புறப்பட்டதற்குப் பிறகு முதல்தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"வடிவாயிருக்கு அம்மா," என்றாள். நான் கேட்காமலே, தானாக, தமிழில்.

"தலையை ஆட்டாதை. சடைநாகம் கழரப்போகுது," என்றேன் நான்.

அவள் முகம் திரும்பவும் மூடிக்கொண்டது. இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட வேண்டும் போலிருக்கும்.

வேலை தொடங்கியது. "தங்கச்சி, இஞ்சாலை நடவுங்கோ. திரும்புங்கோ. வெக்கப்பட்ட மாதிரிச் சிரியுங்கோ." அவள் வெட்கப்பட்ட மாதிரி நடிக்கத் தேவையிருக்கவில்லை. நான் படுத்துக்கிடந்தவர்களிடம் போய் "பார்தோன், பார்தோன்" என்று எழுப்பி விலத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் எழும்பித் தங்கள் துவாய்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. வெனிஸில் மச்சாள் ஓடக்காரனுக்குப் பின்னால்தான் இருந்தாள். நான் ஒரு சதுக்கத்தையே காலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ட்ரோன் எழும்பியது. புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. கோபுரத்தின் பாதி உயரம்கூட அது போயிருக்காது, நகரப் பொலிஸ் உடுப்புப் போட்ட ஒரு பெண் எங்களை நோக்கி நடந்து வந்தாள்.

அவள் இத்தாலியனில் பேசினாள், ஆங்கிலத்தில் பேசினாள், கையால் பேசினாள். கையால் பேசியதுதான் எல்லோருக்கும் விளங்கியது. இறக்கு, மடக்கு, போ. வீடியோத் தம்பி ட்ரோனை இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூரப்போனார். என் கணவரும் கூடவே போனார். அவர் லா சப்பலில் மரக்கறிக் கடையில் நிற்பவர், காலை முதல் பின்னேரம்வரை தமிழில் வாழ்பவர். அந்நிய பாஷை கேட்டால் அவருக்கு உடனே வேறு அலுவல் வந்துவிடும். மிஞ்சியது நானும் மகளும்.

எனக்குக் கண்ணீர் முட்டியது. சிப்பியின் நடுவில் முத்து நிற்கிற அந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. அது இன்னும் எடுக்கப்படவில்லை. கமெராவால்கூட எடுக்கவிடாமல் எங்களைக் கலைக்கப் போகிறாள்.

அப்போது மேல்பக்கத்து நீர்த்தொட்டி ஓரமாக மரக்கறிப் பையோடு இருந்த ஒரு வயதான அம்மா எழும்பி வந்தார். அந்த ஊர்க்காரி. இளவயதில் புருஷனோடு பிரான்சில் வேலை செய்தவராம், நல்ல பிரெஞ்சு கதைத்தார். நாங்கள் பாரிஸ் என்றதும், தான் பொலிஸ்காரிக்கு எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்வதற்கு முன்னர், என்ன கொண்டாட்டம் என்று அன்பாகக் கேட்டார். கேட்டபடியே மகளின் நகைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், குரல் மாறியது. இந்தப் பிள்ளைக்குக் கலியாணமா?

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பொலிஸ்காரிக்கு அந்தச் சொல் விளங்கியிருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ட்ரோன் இல்லை. சின்னப் பிள்ளையைக் கலியாணம் கட்டிக் கொடுக்கிற தாய் என்று என்னை நினைக்கிறார்கள். பயத்தில் பிள்ளையாரும் சத்தியமும் பறந்துபோய்விட்டன.

"சொல்லு பிள்ளை," என்றேன். "கலியாணம் இல்லை எண்டு சொல்லு. பெரியபிள்ளையானது எண்டு சொல்லு. எங்கடை கலாசாரம் எண்டு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் சத்தியம்..."

"இப்ப சத்தியமே முக்கியம்? சொல்லு!"

அவள் என் முகத்தை, என் கண்ணை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, பிரெபெக்த்தூரில் என் விசா அலுவலைச் சொல்கிற அதே குரலில், பதறாமல், தெளிவாக, பிரெஞ்சில் சொன்னாள். என் அம்மாவுக்குக் கடும் வருத்தம். அவ கன காலம் இருக்கமாட்டா. என் கலியாணத்தைப் பார்க்க அவவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு ஒரு நாள் மணப்பெண் மாதிரி உடுத்து, அவ விரும்பிய இடத்தில் படம் எடுக்கிறோம். அவவுக்குப் பிரெஞ்சு தெரியாது. தயவுசெய்து அவவுக்கு முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

வயதான அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதை இத்தாலியனில் பொலிஸ்காரிக்குச் சொன்னார். பொலிஸ்காரி தொப்பியைக் கழற்றினாள். காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளை சொன்னதுதான், யாரால் முடியும்? அந்த அம்மா மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இரு கன்னத்திலும் கொஞ்சி, விக்கி விக்கி அழுதார். அவரிடம் உள்ளியும் சவர்க்காரமும் மணந்தன. நான் மரம்போல நின்றேன். நான் சுகதேகி, பிரஷர்கூட இல்லை என்று எந்தப் பாஷையில் சொல்வது?

ட்ரோன் கூடாது, ஆனால் கமெராவால் எவ்வளவு நேரமும் எடுங்கள் என்றாள் பொலிஸ்காரி. அவளே போய் நடுவில் இருந்தவர்களை விலத்தினாள். செய்தி காதோடு காதாகப் பரவுவது தெரிந்தது. ஒவ்வொருவராக என்னைப் பார்த்துவிட்டு, நான் பார்த்ததும் கண்ணைத் திருப்பினார்கள். காப்பிக்கடையிலிருந்து பரிசாரகர் ஒருவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, சரிவில் ஆடாமல் காலுக்குக் கடதாசி மடித்து வைத்து, என்னை இருக்கச் சொன்னார். ஒரு கிளாஸ் தண்ணீரும் வந்தது.

இருந்தேன். அத்தனை நூற்றாண்டுச் சதுக்கத்தில் ஒரேயொரு கதிரை, அதில் பட்டுச் சேலையோடு சாகப்போகிற நான். இதைச் சொல்லவே நாக் கூசுகிறது: என்னையறியாமல் ஒருதரம் இருமினேன். மெல்லத்தான் இருமினேன். ஆனால் இருமினேன்.

கணவர் வெள்ளித் தட்டியோடு திரும்பி வந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"கலாசாரம் எண்டு சொன்னனான். அவைக்குப் பிடிச்சிட்டுது," என்றாள் மகள்.

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாரும், கதிரை போட்டு மரியாதை தாறாங்கள். தம்பி, இதையும் எடும்!"

தம்பி முன்னமே எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்ததிலிருந்து எல்லாவற்றையும் எடுத்திருந்தார். பிறகு மகளைச் சிப்பியின் நடுவில் நிறுத்தினார்கள். அத்தனை பேரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நடந்தாள், திரும்பினாள், சிரித்தாள். நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மகளின் கலியாணத்தைப் பார்க்கக் கிடைக்காத தாயின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாமல், அதற்கு ஏற்றமாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வரும்போது வானில் அவள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அந்த மனுசி கதைச்சது உங்களுக்கு விளங்கினதோ?"

"இல்லை. அவ வேகமாக் கதைச்சவ."

அவள் மூச்சை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் நான் கோபத்தையும் வெட்கத்தையும் மாறி மாறித் தின்றேன். சத்தியத்தை மீறியது நான், அது தெரியும். ஆனாலும் ஒரு பொய் சொல்வதென்றால் உலகத்தில் எத்தனை பொய் இருக்கிறது. பிறந்தநாள் என்றிருக்கலாம். இவளுக்கு, தான் பெரியவளானதைச் சொல்வதைவிடத் தாயைச் சாகக் கொடுப்பது லேசாகப் போய்விட்டது. அவ்வளவுக்கு என்னால் வெட்கம். போதாததற்கு நல்ல காரியத்துக்கு உடுத்த உடுப்போடு சொன்ன சொல், பலித்தாலும் பலிக்கும் என்று பயம் வேறு. ஒருவருக்கும் சொல்லாமல் லா சப்பல் பிள்ளையார் கோயிலுக்குப் போய், என் ஆயுசுக்கு நானே ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

சாமத்தியவீடு கூசேன்வில் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மணவறைக் கதிரையில் மகள், பக்கத்தில் நான். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். சிப்பி வந்தது, கோபுரம் வந்தது, முத்தும் வந்தது. பிறகு, கணவர் சொல்லி வைத்தபடி, அந்த வயதான அம்மா என் முகத்தைப் பிடித்துக் கொஞ்சி அழுகிற இடம், மெதுவாக, வயலினோடு. மண்டபமே கைதட்டியது.

ஆலாத்தித் தட்டோடு மேடைக்கு வந்த மச்சாள் என் காதுக்குள் குனிந்தாள். "உந்த வெள்ளைக்கார மனுசி ஏன் மச்சாள் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுறா?"

பக்கத்தில் மகளின் தோள் இறுகுவதை உணர்ந்தேன்.

"அவவின்ரை மகளை நினைச்சுப் போட்டாவாம்," என்றேன், கண்ணும் இமைக்காமல். "எங்கடை பிள்ளை நல்லா இருக்கோணும் எண்டு ஆசீர்வதிச்சவ."

"வெனிஸிலை எங்களை ஒருத்தரும் திரும்பியும் பார்க்கேல்லை," என்று மச்சாள் வாய்விட்டே சொன்னாள். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தாலிவரை போனேன். கிடைத்தபோது அதில் உப்புமில்லை, புளியுமில்லை.

மச்சாள் தட்டை மாற்ற இறங்கியதும், மகள் தலையைத் திருப்பாமல், பிரெஞ்சில் கேட்டாள். உங்களுக்கு அண்டைக்கே விளங்கினது, என்ன?

நானும் பிரெஞ்சிலேயே ஓம் என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை, தமிழில் கொட்டினேன். "பிறந்தநாள் எண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை. என்னாலை உனக்கு அவ்வளவு வெக்கமே?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

"பிறந்தநாள் எண்டால் அந்தப் பொலிஸ் எங்களைப் போகச் சொல்லியிருக்கும் அம்மா," என்றாள். "உங்களுக்குக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது. அந்தப் படம் இல்லாமல் நீங்கள் திரும்பி வரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். என்ன சொன்னால் எடுக்க விடுவினம் எண்டுதான் யோசிச்சனான்."

அவள் குரலில் கோபமே இல்லை. டொக்டர் சொன்னதை எனக்கு எடுத்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

கீழேயிருந்து வீடியோத் தம்பி கையைத் தூக்கினார். "அக்கா, தங்கச்சி, இஞ்சை பாருங்கோ. ரெண்டு பேரும் சிரியுங்கோ."

அவள் உடனே சிரித்தாள், கேட்டமாதிரியே, நல்ல வடிவாக. எனக்குத்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.